பாலைநிலத்து வீதியும் மண்ணின் மக்களும்
அவுஸ்திரேலிய ஆதிக்குடியினரின் உழைப்புப் பங்கேற்புப் பற்றிய ஒரு நோக்கு

மேற்கு அவுஸ்திரேலியாவின் பழைய பொற்சுரங்க நகரங்களுள் ஒன்று லேவர்ட்டன். அங்கிருந்து வடகிழக்காகப் புறப்பட்டு, பாலைநிலத்தின் நடுவே அமைந்த வாபர்ட்டன் குடியிருப்பினூடாகச் சென்று, உலுரு எனும் புகழ்பெற்ற செம்பாறையின் அண்மையில் முடிவடையும் பாதை பெரும் மத்திய வீதி என வழங்கப்படுகின்றது. ஏறத்தாழ 1,100 கிலோமீற்றர் நீளமான இவ்வீதியின் பெரும்பகுதி நெடுங்காலமாகச் செம்மண் பாதையாகவே இருந்து வந்துள்ளது. லேவர்ட்டனையும் குயீன்ஸ்லாந்து மாநிலத்தின் வின்ரன் நகரையும் இணைக்கும் ஏறத்தாழ 2,700 கிலோமீற்றர் நெடும்பாதையின் மேற்குப் பாகம் இதுவாகும். அந்நெடும்பாதையில் மேலும் 1,000 கிலோமீற்றரைத் தாரிட்டுச் செப்பனிடுவதற்கென 678 மில்லியன் டொலரை அவுஸ்திரேலியக் கூட்டரசு 2022 மார்ச்சில் அறிவித்தது.

இத்தகைய அறிவித்தல்களிலெல்லாம் தவறாது இடம்பெறும் தொடர் ஒன்றுண்டு; 'உள்ளூர் ஆதிக்குடி மக்களின் பங்கேற்பு' என்பதே அது. வீதியும் வரும், அதனோடு வேலையும் வரும் என்பது அதன் உட்பொருள். அத்தொடர் நடைமுறையில் எதனைக் குறிக்கின்றது, எதனை மறைக்கின்றது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். வீதி போடப்படும் மாதங்களில் எத்தனை பேர் வேலைக்கமர்த்தப்பட்டனர் எனும் கணக்கே பெரும்பாலும் பங்கேற்பு எனக் கொள்ளப்படுகின்றது. அது போதாது. வீதி செல்லும் தடத்தை யார் தீர்மானிக்கின்றனர், வீதி முடிந்த பின்னர் அதனைப் பேணும் தொழில் யார் கையில் இருக்கின்றது எனும் வினாக்களுக்கு விடை காணாதவரை, தலைக்கணக்கு ஒன்றையும் நிறுவிவிடாது.

நிலமும் வீதியும்

வாபர்ட்டனை உள்ளடக்கிய பிரதேசத்து மக்களின் மொழி ஙாஞஜரா எனப்படும். மொழிக்கு முதலில் ஙகரம் வருதல் தமிழில் மிக அரிது. அங்கோ அது வெகு இயல்பு. அம்மக்கள் தம்மை யாணங்கு என்றே குறிப்பிடுவர். 'அபொரிஜினல்' என்பது பிறர் இட்ட பொதுப்பெயர். நூற்றுக்கணக்கான மொழிகளைப் பேசிய பல்வேறு மக்களை ஒரே சொல்லில் அடக்கிவிட்ட பெயர். 1993 இல் அமைக்கப்பட்ட ஙாஞஜராக்கு உள்ளூராட்சிச் சபையின் பரப்பு ஏறத்தாழ 160,000 சதுர கிலோமீற்றர். அஃதாவது, முழு இலங்கைத் தீவினதும் இரண்டரை மடங்கிற்குச் சற்றுக் குறைவு. குடித்தொகையோ ஆயிரத்தைந்நூறு அளவினதே. 2005 இல் இந்நிலப்பரப்பின் மீது அம்மக்களுக்குள்ள பூர்வீக உரித்தினைக் கூட்டாட்சி நீதிமன்றம் ஏற்றுத் தீர்ப்பளித்தது.

செப்பனிடப்படாத பாதையொன்றின் இயல்பை அறிந்துகொள்ளாமல் இவ்விடயத்தை விளங்கிக்கொள்ளல் கடினம். பாரவாகனங்களின் சில்லுகள் துள்ளித் துள்ளி விழுவதால் மண் மேற்பரப்பிலே சிற்றலைகள் போன்ற மடிப்புகள் தோன்றும். அவற்றைச் சமப்படுத்துவதற்குக் கிறேடர் இயந்திரம் ஆண்டுதோறும் பலமுறை ஓட்டப்படும். ஒவ்வொரு சுரண்டலின்போதும் மேல்மண் ஓரத்திற்கு ஒதுக்கப்படுவதால், காலப்போக்கில் பாதை சூழவுள்ள நிலத்தைவிடத் தாழ்ந்துவிடும். பின் மழை பெய்தால் பாதையே ஓடையாகின்றது. பாதை மூடப்படும், உணவு கொண்டுவரும் லொறிகள் நின்றுவிடும், கடையில் மரக்கறி அழுகும் அல்லது இல்லாதொழியும். சிறுநீரக நோய் மிகுந்த அப்பிரதேசத்தில், குருதிச் சுத்திகரிப்புக்காகக் கல்கூர்லிக்கோ அலிஸ் ஸ்பிறிங்ஸுக்கோ சென்று, பலர் சொந்த நிலத்தை விட்டு வாழவும் இறக்கவும் நேர்ந்துள்ளது. எனவே, வீதி வேண்டாம் என்பதன்று அங்குள்ள மக்களின் பொதுவான கூற்று. நிலத்தை உயர்த்தி, இருமருங்கும் வடிகால் வெட்டி, கிரவல் இட்டு இறுக்கித் தாரிடுதல் உயிர்காக்கும் காரியமே. சிக்கல் அது செய்யப்படும் முறையிலே உள்ளது.

அம்முறைக்கு ஒரு வரலாறு உண்டு. மேற்குப் பாலைநிலத்தின் முதலாவது பெரும் தடம் எனத்தக்கது கன்னிங் மாட்டுப்பாதை. ஹோல்ஸ் கிறீக்கிலிருந்து விலூனா வரை ஏறத்தாழ 1,850 கிலோமீற்றர் நீளமான அத்தடத்தை நிலஅளவையாளர் அல்பிரட் கன்னிங் 1906–07 இல் அளந்தார். 1908–10 இல் கிணறுகள் தோண்டப்பட்டன. பாலைநிலத்தில் நீரெங்குள்ளது என்பதை அளவைக் கருவி சொல்லாது. அங்கு பிறந்து வளர்ந்தவர்களே சொல்லவல்லவர். ஆகவே கன்னிங்கின் குழுவினர் ஆதிக்குடியினரைப் பிடித்துச் சங்கிலியிட்டு, நீர்நிலைகளைக் காட்டுமாறு கட்டாயப்படுத்தினர். குழுவின் சமையற்காரராயிருந்த எட்வேட் பிளேக் செய்த முறைப்பாட்டின் பேரில் 1908 இல் அரச விசாரணை ஆணைக்குழு கூடிற்று. சங்கிலி பயன்படுத்தப்பட்டமை மறுக்கப்படவில்லை; எனினும் கன்னிங் குற்றமற்றவர் எனக் காணப்பட்டார். வழிகாட்டியவர்களின் நீர்நிலைகளே பின்னர் மரச்சட்டமிட்ட ஆழ்கிணறுகளாக்கப்பட்டு, அவர்களுக்கே எட்டாதவையாயின.

மேற்குப் பாலைநில மொழிகள் சிலவற்றில் தடம், பாதை எனும் பொருள் தரும் சொல் 'யிவரா'. இம்மாட்டுப்பாதையின் கதையை அம்மக்களின் நோக்கில் கூறிய கண்காட்சியொன்று 'யிவரா குஜு' எனும் பெயரில் 2010 இல் கன்பராவிலுள்ள தேசிய அரும்பொருளகத்தில் நடைபெற்றது. ஒரே பாதை என்பது அப்பெயரின் பொருள். எமது பொருளுக்கு இவ்வரலாறு இன்றியமையாதது. ஏனெனில், வீதியமைப்பில் ஆதிக்குடியினரின் 'பங்கேற்பு' அண்மைக்காலத்துக் கொள்கை வகுப்பாளரின் கண்டுபிடிப்பன்று. அவர்களின் அறிவின்றி அத்தடம் அமைந்தே இராது. அவ்வறிவுக்குக் கொடுக்கப்பட்ட விலைதான் சங்கிலி.

அரை நூற்றாண்டு கழித்து வேறொரு தேவை எழுந்தது. பிரித்தானியாவின் ஏவுகணைகளையும் அணுக்குண்டுகளையும் பரீட்சிப்பதற்கு வூமெரா, மரலிங்கா ஆகிய இடங்கள் தெரிவாயின. அப்பரீட்சைகளின் பொருட்டு லென் பீடெல் தலைமையில் மிகச் சிறிய குழுவொன்று, ஒரு புல்டோசருடனும் ஒரு கிறேடருடனும், 1963 வரை ஏறத்தாழ 6,000 கிலோமீற்றர் பாதைகளைப் பாலைநிலத்தில் வெட்டியது. 1955–58 இல் வெட்டப்பட்ட கன்பரல் நெடுஞ்சாலை யாணங்கு நிலத்தினூடாகவே செல்கின்றது. இம்முறை சங்கிலி தேவைப்படவில்லை. ஏனெனில் மக்களே தேவைப்படவில்லை. நிலம் வெறுமையானது எனும் கற்பனையே நேர்கோடாக வரையப்பட்டது. அந்நிலத்து மக்களின் நலனைக் கவனிப்பதற்கென நியமிக்கப்பட்டிருந்த ரோந்து உத்தியோகத்தர் வோல்டர் மக்டூகல் ஆட்சேபம் தெரிவித்தபோது, ஒரு கைப்பிடியளவு சுதேசிகளின் விவகாரத்தைப் பிரித்தானியப் பொதுநலவாயத்தின் நலனுக்கு மேலாக வைக்கின்றார் என மேலதிகாரியாற் கண்டிக்கப்பட்டார். மரலிங்காப் பரீட்சைகளின் விளைவுகளை ஆராய்ந்த அரச விசாரணை ஆணைக்குழு 1985 இல் தனது அறிக்கையை வெளியிட்டபோதுதான் இவ்வலட்சியத்தின் முழுப்பரிமாணமும் பொதுமக்கள் அறிய வந்தது.

இவ்விரு முறைகளுக்கும் இடைநடுவே கூலியின் வரலாறு உள்ளது. மேற்கு அவுஸ்திரேலியாவின் 1905 ஆம் ஆண்டுச் சட்டம் ஆதிக்குடியினரை அரச காப்பாளர் ஒருவரின் கீழ் வைத்தது. மாட்டுப் பண்ணைகளில் உழைத்தோருக்கு மாவும் தேயிலையும் சீனியுமே பெரும்பாலும் கூலியாயின. 1936 முதல் 1972 வரையிலான காலத்தில் கொடாது விடப்பட்ட கூலிக்காக அம்மாநில அரசு 180.4 மில்லியன் டொலர் வரை வழங்க 2023 இல் இணங்கிற்று. உழைத்தவருட் பெரும்பாலோர் அப்போது உயிரோடில்லை. வட ஆட்புலத்தின் மாட்டுப் பண்ணைகளிற் சமகூலி வழங்குமாறு நடுத்தீர்ப்பு ஆணைக்குழு 1966 இல் விதித்தது. ஆயினும் 1968 டிசம்பர் வரை அதன் அமுலாக்கத்தைப் பிற்போட்டது. சமகூலி வந்தபோது பண்ணை முதலாளிகள் தொழிலாளரைக் குடும்பத்தோடு வெளியேற்றினர். வின்சென்ற் லிஞ்ஞாரியின் தலைமையில் குரிஞ்ஜி மக்கள் 1966 ஆகஸ்டில் வேவ் ஹில் பண்ணையை விட்டு வெளிநடந்த போராட்டம், கூலிக் கோரிக்கையாகத் தொடங்கி நிலக் கோரிக்கையாக வளர்ந்தமை தற்செயலன்று. நிலமற்றவனுக்குக் கொடுக்கப்படும் கூலி எவ்வேளையும் பறிக்கப்படலாம் என்பதை அவர்கள் அனுபவத்தால் அறிந்திருந்தனர். வீதி வேலையை நோக்கும்போது இவ்வனுபவத்தை மனங்கொள்ளல் வேண்டும்.

தடத்தைத் தீர்மானிப்போர் யார்?

மாபோ வழக்கின் 1992 ஆம் ஆண்டுத் தீர்ப்பு, எவருக்கும் உரியதல்லாத நிலம் எனும் பழைய கோட்பாட்டைத் தகர்த்தது. தொடர்ந்து பூர்வீக உரித்துச் சட்டம் 1993 இல் இயற்றப்பட்டது. ஆயினும், வீதி என வரும்போது அச்சட்டம் தரும் பாதுகாப்பு மெலிந்தது. பொதுமக்களுக்கான வீதிகள் அச்சட்டத்தின் 24கேஏ எனும் பிரிவின் கீழ் வருகின்றன. சுரங்க உரிமம் வழங்கும்போது உரித்தாளருக்கு உள்ள பேச்சுவார்த்தை உரிமை இங்கு இல்லை; அறிவித்தலும் கருத்துரைக்கும் வாய்ப்பும் இழப்பீடுமே உண்டு. 1996 டிசம்பர் 23 ஆம் திகதிக்கு முன்னர் அரசினால் முறைப்படி அமைக்கப்பட்ட பொதுவேலைகளோ, தாம் அமைந்துள்ள நிலத்தில் பூர்வீக உரித்தையே அழித்துவிடுகின்றன. பரந்த நிலம் மக்களுடையது என நீதிமன்றம் ஏற்றுக்கொள்ள, அதை ஊடறுத்துச் செல்லும் கீற்று மட்டும் வேறு சட்டத்துக்குள் நிற்கும் நிலை இதனாலேற்படுகின்றது.

இருப்பினும், வீதி அக்கீற்றினுள் மட்டும் அமைவதில்லை. ஒன்பது மீற்றர் அகலத்துக்கு இருபது சென்ரிமீற்றர் தடிப்பிற் கிரவல் இடுவதாகக் கொண்டாலும், ஒரு கிலோமீற்றருக்கு 1,800 கன மீற்றர் வேண்டும். நூறு கிலோமீற்றருக்கு 180,000 கன மீற்றர். மண்ணை இறுக்குவதற்கு நீரும் வேண்டும். பாலைநிலத்தில் அதற்கெனக் குழாய்க்கிணறுகள் தோண்டப்பட வேண்டும். இவற்றுக்கெல்லாம் வீதிக்கு அப்பாலுள்ள நிலத்தை நாட வேண்டியுள்ளது. எந்த மேட்டை வெட்டலாம், எந்த மேட்டைத் தொடலாகாது என்பதைச் சொல்லவல்லவர் நிலத்தோடு தொன்மக் கடமையுடைய மூத்தோர் மட்டுமே. பெண்கள் மட்டுமே அறிந்திருக்கவும் பேசவும் உரிய இடங்களும், ஆண்களுக்கே உரியனவும் வெவ்வேறாக உண்டு. அளவையாளரோடு ஆண்களை மட்டும் அழைத்துச் சென்று ஒரே நாளில் 'ஒப்புதல்' பெற்றுத் திரும்பும் குழு, நிலத்தின் பாதியைக் கேளாமலே திரும்புகின்றது.

இவ்வகை ஒப்புதலின் வலிமை சட்டத்திலேயே தங்கியுள்ளது. மேற்கு அவுஸ்திரேலியாவின் 1972 ஆம் ஆண்டு ஆதிக்குடி மரபுரிமைச் சட்டத்தின் 18 ஆம் பிரிவு, மரபிடத்தை அழிப்பதற்கு அமைச்சர் அனுமதி வழங்க இடமளித்தது. 2013 இல் அவ்வாறு வழங்கப்பட்ட அனுமதியின் பேரிலேயே றியோ ரின்ரோ கம்பனி, 46,000 ஆண்டுகால மனித வாழ்வின் தடயங்கள் காணப்பட்ட ஜூக்கன் பள்ளத்தாக்குக் குகைகளை 2020 மே மாதத்தில் வெடிவைத்துத் தகர்த்தது. அதன்பின் இயற்றப்பட்ட புதிய சட்டம் 2023 ஜூலையில் நடைமுறைக்கு வந்து, நில உடைமையாளரின் எதிர்ப்பினால் அவ்வாண்டு நவம்பரிலேயே நீக்கப்பட்டது. பழைய சட்டம் சில திருத்தங்களோடு மீண்டது. ஐந்து மாதம் கூட நிலைக்காத சீர்திருத்தம் எத்தகைய அரசியற் பலச்சமநிலையைக் காட்டுகின்றது என்பதை விளக்க வேண்டியதில்லை.

மரபிடங்களை விடுத்து, வெறும் பொறியியல் நோக்கிற் பார்ப்பினும் உள்ளூரறிவு இன்றியமையாதது. மழைமானிகள் மிகச் சிலவாக உள்ள நிலத்தில், பல்லாண்டுக்கொரு முறை வரும் வெள்ளம் எவ்வழியே பாயும் என்பதைப் பதிவேடுகளிலிருந்து கணிப்பது எளிதன்று. வெள்ளங்கடக்கும் தாழ்பாதைகளை எங்கு அமைப்பது, மதகின் வாயை எவ்வளவு அகலமாக்குவது என்பனவற்றில் மூத்தோரின் நினைவே சிறந்த பதிவேடு. கன்னிங் சங்கிலியிட்டுப் பெற்றதும் இதே அறிவைத்தான். பொறியியலாளருக்குத் தரப்படும் ஆலோசனைக் கட்டணத்தின் வரிசையில் இதனை வைத்துக் கணக்கிடாமல், 'கலாசாரக் கண்காணிப்பாளர்' எனும் பெயரிற் சில நாட்கூலியோடு முடித்துவிடுவது பழைய உறவின் தணிந்த வடிவம் என்றே கூறத் தோன்றுகின்றது.

எண்ணிக்கையும் உழைப்பும்

கூட்டரசின் ஆதிக்குடிக் கொள்வனவுக் கொள்கை 2015 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. குறித்த தொழிற்றுறைகளில் 7.5 மில்லியன் டொலருக்கு மேற்பட்ட ஒப்பந்தங்களில், ஆதிக்குடியினரின் வேலைவாய்ப்போ அவர்களது நிறுவனங்களிடமிருந்தான கொள்வனவோ குறைந்தது 4 சதவீதமாயிருத்தல் வேண்டும் என்பது அதன் விதிகளுள் ஒன்று. பெயரளவில் ஆதிக்குடி ஒருவரை முன்னிறுத்தி வேற்றார் நடத்தும் நிறுவனங்கள் இதனாற் பயனடைந்தமை வெளிப்படையான குறைபாடாயிற்று. அதனாலேயே 51 சதவீத உரிமையோ கட்டுப்பாடோ 2026 ஜூலையிலிருந்து வேண்டப்படும் என 2025 இல் அரசு அறிவித்தது.

இத்தகைய விதிகள் பயனற்றவையல்ல.  ஆனால் எதனை எண்ணுகின்றோம் என்பதில் ஒரு சூழ்ச்சி அடங்கியுள்ளது. இருபது பேரை ஒருவார காலம் கொடிபிடித்து வாகனங்களை மறிக்கும் வேலையில் அமர்த்தினால், அறிக்கையில் இருபது எனும் எண் வரும். இருவரை ஒரு முழுவருடம் கிறேடர் ஓட்டப் பயிற்றினால் வரும் எண் இரண்டு. உழைத்த மணித்தியாலங்களைக் கணக்கிட்டால், வாரத்துக்கு நாற்பது மணித்தியாலம் எனக் கொண்டு, முன்னதற்கு 800 உம் பின்னதற்கு நாலாயிரத்துக்கு மேலும் வரும். தலைக்கணக்கை விட மணிக்கணக்கும், மணிக்கணக்கை விட எந்த இயந்திரத்தின் ஆசனத்தில் யார் அமர்ந்தார் எனும் கணக்கும் உண்மைக்கு அண்மையானவை. அதே வேளை, தொலைநகரிலிருந்து விமானத்தில் வரும் வேறொரு ஆதிக்குடித் தொழிலாளியும் அதே சதவீதத்துள் அடங்குவார். அவருக்கும் வேலை வேண்டியதே. எனினும் வாபர்ட்டன் இளைஞனுக்கு அதனால் ஒன்றும் கிட்டாது.

அவ்விளைஞன் வேலைத்தளத்தின் வாயிலைத் தாண்டுவதற்கு முன் நிற்கும் தடைகள் பல. முதலாவது சாரதி அனுமதிப்பத்திரம். நீர்த்தாங்கி வாகனத்தையோ உருளையையோ ஓட்டுவதற்கு அது வேண்டும். அதைப் பெறுவதற்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும், அனுமதிபெற்ற சாரதியின் துணையோடு பல மணித்தியாலப் பயிற்சி வேண்டும், பரீட்சகர் வரும் நாள் வேண்டும். அனுமதிப்பத்திரமின்றி ஓட்டினால் குற்றப்பணம், குற்றப்பணம் கட்டாவிடில் மேலும் தடை, இறுதியிற் சிறை. சிறை சென்றவர் பொலிஸ் சான்றிதழ் கேட்கும் வேலைத்தளத்திற்குப் பொருந்தாதவராகின்றார். இம்மக்களுக்கு வீதி என்பது வெறும் போக்குவரத்துச் சாதனமன்று; பொலிசாரைச் சந்திக்கும் இடமுமாகும். 1975 ஜனவரியில் இவ்வீதியின் லேவர்ட்டன் முனையில், சடங்குப் பயணம் மேற்கொண்டிருந்த மக்களுக்கும் பொலிசாருக்கும் இடையே நிகழ்ந்த மோதலும் கைதுகளும் அரச விசாரணை ஆணைக்குழு ஒன்றையே வேண்டி நின்றன. 2008 ஜனவரியில் வாபர்ட்டன் பகுதியைச் சேர்ந்த மதிப்புமிக்க மூத்தோர் ஒருவர், மதுபோதையில் வாகனம் செலுத்திய குற்றச்சாட்டின் பேரில் லேவர்ட்டனிலிருந்து 360 கிலோமீற்றர் தொலைவிலுள்ள கல்கூர்லிக்குச் சிறைவாகனத்திற் கொண்டுசெல்லப்படுகையில், அவ்வாகனத்தினுள் கோடை வெப்பத்தினால் பாதிக்கப்பட்டு இறந்தார். அனுமதிப்பத்திரம் பற்றிய பேச்சை நிருவாகச் சிக்கலாக மட்டும் கருதுவோர் இவற்றை மறந்துவிடுகின்றனர்.

இரண்டாவது தடை நேரம். மூன்று வாரம் ஓயாது வேலை, ஒரு வாரம் ஓய்வு, நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணித்தியாலம் எனும் ஒழுங்கு தொலைநகரிலிருந்து வரும் தொழிலாளிக்கு ஏற்றது. குடும்பம் அருகிலிருக்க, மரணச்சடங்கும் கோடைகாலத்துச் சட்டச்சடங்குகளும் தவிர்க்கொணாக் கடமைகளாயிருக்கும் ஒருவருக்கு அது பொருந்தாது. மாமியும் மருமகனும் நேர்முகமாக நிற்றலாகாது எனும் உறவு விதி, ஒரே குழுவில் யார் யாரை அமர்த்தலாம் என்பதையும் வரையறுக்கின்றது. 'நம்பத்தகாதவர்' எனும் சொல் இவற்றை அறியாத மேற்பார்வையாளரின் வாயிலிருந்து எளிதில் வரும். ஒரு வேலைக்கு ஒருவர் என்றில்லாது, உறவினர் நால்வரோ ஐவரோ பயிற்சிபெற்று இரண்டு மூன்று ஆசனங்களைத் தமக்குள் மாற்றி நிரப்பும் கூட்டு முறை, இச்சிக்கலுக்குச் சம்பிரதாயமான நேரவொழுங்கை விடப் பொருத்தமான விடையாகும். இயந்திரம் நிற்காதவரை ஓட்டுபவர் யாரென்பது கிரவலுக்குத் தெரியாது.

மூன்றாவது, வேலைக்கும் உதவிப்பணத்துக்கும் இடையிலுள்ள உறவு. 1977 இல் தொடங்கிய சமூக அபிவிருத்தி வேலைவாய்ப்புத் திட்டம், வேலையற்றோர் உதவிப்பணத்தைத் திரட்டிச் சமூக அமைப்புகளிடம் ஒப்படைத்து, அவற்றினூடாக உள்ளூர் வேலைகளுக்குக் கூலி கொடுக்க வழிவகுத்தது. குறைகள் பல இருப்பினும், எது வேலை என்பதை உள்ளூரே தீர்மானித்தது. அத்திட்டம் படிப்படியாகக் கலைக்கப்பட்டது. 2015 இல் வந்த சமூக அபிவிருத்தித் திட்டத்தின் கீழ், தொலைப்பிரதேசத்தவர் உதவிப்பணத்துக்காக வாரத்துக்கு 25 மணித்தியாலம் 'செயற்பாட்டில்' ஈடுபட வேண்டியதாயிற்று. நகர்ப்புறத்து வேலையற்றோருக்கு இல்லாத கடும் நிபந்தனை அது. தவறியோரின் பணம் வெட்டப்பட்டது. இது இனப்பாகுபாடு என ஙாஞஜராக்கு மக்கள் தொடுத்த வழக்கு, 2021 இல் 2 மில்லியன் டொலர் கொடுப்பனவோடு இணக்கமாக முடிவுற்றது. 3,000 பேருக்கு உரிய கூலியுடன் வேலை வழங்கும் புதிய திட்டமொன்று 2024 பெப்ரவரியில் அறிவிக்கப்பட்டது. வடிகால் துப்புரவையும் குப்பை அகற்றலையும் கூலியின்றிச் செய்யுமாறு பணிக்கப்பட்ட ஒருவர், வீதி வேலை வந்ததும் சில மாதம் முழுக்கூலி பெற்று, அது முடிந்ததும் பழைய நிலைக்கு மீள்வாராயின், மூலதனத்துக்கு வேண்டியபோது அழைக்கப்பட்டு வேண்டாதபோது திருப்பியனுப்பப்படும் சேமப்பட்டாளத்தின் இலக்கணத்திலிருந்து அவர் எவ்வகையில் வேறுபடுகின்றார்?

வீதி முடிந்த பின்னர்

மேற்கு அவுஸ்திரேலியாவின் வடமேற்கில், புறூமிலிருந்து டம்பியர் குடாநாட்டின் முனைக்குச் செல்லும் லெவேக் முனை வீதியில், எஞ்சியிருந்த ஏறத்தாழ 90 கிலோமீற்றர் மண்பாதை 2020 இறுதியளவில் முற்றாகத் தாரிடப்பட்டது. பீகிள் பே, ஜறின்ஜின், லொம்படினா, ஆட்யலூன் எனும் ஆதிக்குடிக் குடியிருப்புகள் மழைகாலத்தில் துண்டிக்கப்படும் நிலை நீங்கிற்று. கூடவே வேறொன்றும் வந்தது: முன்னர் கரடுமுரடான பாதை தடுத்து வைத்திருந்த உல்லாசப் பயணிகளின் வெள்ளம். புனித இடங்களையும் மீன்பிடி நீர்களையும் காப்பதெவ்வாறு எனும் கவலை தாரோடு சேர்ந்தே வந்தது. அனுமதி வழங்கல், காவலர் பணி, வழிகாட்டல் என்பன வீதியின் பகுதியாகவே திட்டமிடப்படாவிடின், அவ்வேலைகளும் பயனும் பிறர் கைக்கே செல்லும்.

பெரும் மத்திய வீதியில் வேறொரு முரண்பாடு உள்ளது. மண்பாதையைப் பேணல் ஓயாத வேலை. அத்தகைய தொலைவிடங்களில் நிரந்தரமான ஆண்டுமுழுதுமான தொழில் என்று சொல்லத்தக்கவை மிகச்சில. கிறேடர் ஓட்டுதல் அவற்றுள் ஒன்று. தாரிட்ட வீதிக்கு அவ்வளவு பேணல் வேண்டியதில்லை. அஃதாவது, உள்ளூர் இளைஞன் தன் கையாலேயே தாரிடும் ஒவ்வொரு கிலோமீற்றரும் அவனது எதிர்காலத் தொழிலில் ஒரு பகுதியை மூடிவிடுகின்றது. பங்கேற்பு அறிக்கைகள் இவ்விழப்பைக் கழித்துக் காட்டுவதில்லை.

ஆயினும், தாரிட்ட வீதியும் தானே நிலைத்து நிற்பதன்று. விளிம்பு மண் அரித்துச் செல்லும், வடிகால் தூர்ந்துபோகும், மழைக்குப்பின் தாழ்பாதைகளில் மணல் குவியும், பத்துப் பதினைந்து ஆண்டுக்கொரு முறை மேற்பூச்சுப் புதுப்பிக்கப்பட வேண்டும், கிளைப்பாதைகளும் குடியிருப்புகளின் உள்வீதிகளும் மண்ணாகவே இருக்கும். கல்கூர்லியிலிருந்து வாபர்ட்டனுக்கு 900 கிலோமீற்றருக்கு மேல். வெள்ளம் வடிந்த மறுநாட் காலை தாழ்பாதையிலுள்ள மணலை அகற்றி வீதியைத் திறக்க வேண்டுமெனில், அங்கேயே இயந்திரத்தோடு வாழும் குழுவொன்றினாலேயே அது இயலும். இங்கு உள்ளூரவரை அமர்த்துவது சலுகையன்று. மிகக் குறைந்த செலவான ஏற்பாடும் அதுவே.

இதற்கு ஒப்பந்தங்களின் உருவமே மாறவேண்டும். நூறு கிலோமீற்றரை ஒரே ஒப்பந்தமாக்கினால் பேர்த்திலுள்ள பெருங்கம்பனிகளைத் தவிர வேறெவரும் விலைகூற முடியாது. சமூகக் கம்பனி அதன் கீழ்த் துணையொப்பந்தகாரராகவே நிற்க நேரும். வடிகால், வேலி, கிரவல் அகழ்தல், முகாம் நடத்தல் என்பவற்றை வெவ்வேறாக்கிச் சிறு ஒப்பந்தங்களாக வழங்கலாம். ஓராண்டில் இருநூறு பேரைக் கொண்டு நூறு கிலோமீற்றர் முடிப்பதை விட, ஆண்டுக்கு இருபது கிலோமீற்றராக ஐந்தாண்டு நீடிப்பது உள்ளூர்க் குழுவொன்றுக்குத் தொடர்ந்த தொழிலைத் தரும். தேர்தற் காலத்துத் திறப்புவிழாவுக்கு அது ஏற்றதன்று என்பதே அதற்குள்ள தடை. பேணல் ஒப்பந்தமும் வீதியமைப்பு ஒப்பந்தத்தோடு ஒருங்கே, முதற் கிலோமீற்றர் வெட்டப்படுமுன்னரே, எழுதப்படல் வேண்டும். அது ஓராண்டுக்கானதாயின் எந்த வங்கியும் சமூகக் கம்பனியொன்றுக்குக் கிறேடர் வாங்கக் கடன் தராது. பத்தாண்டுக்கானதாயின் கடனைத் தீர்த்து, அடுத்த இயந்திரத்துக்கும் பணம் சேர்க்கலாம்.